கிணற்றுக்குள் சொன்ன பெயர்

“…அதனால இனி நீங்க மட்டும் போங்க, வதனிட அப்பா. எனக்குக் காணும்.”

மலர் இப்படிப் போதும் என்று சொன்னபோது நாங்கள் இருவரும் மட்டக்களப்பு நகரில், வாவிப் பக்கமாக உள்ள பஸ் தரிப்பில் இருந்தோம். மலர் என் மனைவி. வதனி எங்கள் ஒரே மகள். பொழுது சாய்கிற நேரம். காற்றில் வாவியின் சேற்று மணமும் பக்கத்துக் கடையில் வடை பொரிகிற எண்ணெய் மணமும் கலந்து வந்தன. அவளுடைய மடியில் நீல மட்டைக் கொப்பி ஒன்று. என்னுடைய மடியிலும் அதே மாதிரி ஒன்று.

மலருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு மிகவும் இறங்கியிருந்தது.

அதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னால் நான் ஒரு பகிடி விட்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சந்தோசத்தில், தரிப்புக்கு நடந்து வரும் வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே வந்தேன். அவள் பின்தங்கி வந்ததை நான் கவனிக்கவில்லை.

ஏழு கொப்பிகள்

போன கிழமை இந்தப் பத்திரிகையில், நான் கண்டக்டராக நின்ற பஸ்ஸை விற்ற கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தி, “அண்ணே, அறுவது வயசுக்குக் கிட்ட வந்து எப்பிடி இங்கிலீசு பழகினீங்க? எங்களுக்கும் சொல்லித் தாங்களன்” என்று கேட்டார்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து சொல். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது எழுதுவேன். பின்னேரம் வரைக்கும் அந்த ஐந்தையும் வாயில் போட்டு உருட்டுவேன், பாக்குப் போல. மறந்தால் மறுநாளும் அதே ஐந்துதான். இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது.

இவ்வளவையும் அவருக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. என்னுடைய இரண்டாவது கொப்பியில் முன்பக்கத்து நாலு தாள் இல்லை.

வீடு கொடுத்த பிறகு

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மகளுக்குக் கலியாணம் என்றால், நாங்கள் இருக்கிற வீட்டையே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். வளவின் பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு நாங்கள் ஒதுங்குவோம். மலரின் அம்மாவும் அப்பாவும் எங்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். நாங்களும் மனம் நிறைந்துதான் கொடுத்தோம்.

ஆனால் காலுக்கு அது விளங்க நாள் எடுத்தது. முதல் கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து முன்வாசல் படியில்தான் ஏறினேன். உள்ளே மருமகன் சாய்மனைக் கதிரையில் இருப்பார். என்னைக் கண்டு அவர் எழும்ப, நான் “சும்மா வந்தன் தம்பி” என்று சொல்லி வந்த வழியே கிறுகி, வேலியோரமாகப் பின்னுக்குப் போவேன். மலர் குசினி வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பாள். “என்ன, உங்கட பஸ் ரூட்டு மாறினது இன்னும் தெரியாதோ?”

அந்த வருசமே பஸ்ஸும் போயிற்று. மட்டக்களப்பு–கரடியனாறு பாதையில் இருபத்து நாலு வருசம். கடைசி நாள், பசளைப் பையோடு இறங்கிய ஒரு வயற்காரர் என் தோளில் தட்டி, “பஸ் போனா என்ன தம்பியண்ணே, றோட்டு இரிக்குதானே” என்றார். சனங்களின் வாயில் இப்படி வந்து விழுகிறவற்றை டிக்கட் புத்தகத்துப் பின்னட்டையில் எழுதி வைப்பது என் பழக்கம். படிக்காத எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். அன்றைக்கும் எழுதினேன்.

‘தம்பியண்ணன்’ என்று அவர் சொன்னது என்னைத்தான். என் முழுப்பெயர் கதிர்காமத்தம்பி. இந்தக் கதைக்கு அந்தப் பெயர் முக்கியம்.

வேலையில்லாமல் இருந்த அந்த நாட்களில்தான் எங்கள் இப்போதைய முதலாளி எங்களைத் தேடி வந்தார். சுவிசில் நெடுநாள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வாவியோரத்தில் நாலு அறையோடு ஒரு விருந்தினர் விடுதி திறந்திருந்தார். வளவு பார்க்க நான், சமையலுக்கு மலர் என்று பேச்சு. மலர் வைத்த நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே இருந்து கதைத்தார்.

“அக்கா, வாற வெள்ளைக்காரர் உங்களுக்குப் பக்கத்தில நின்டு இந்தக் கறி பழக வேணும் என்டு கேப்பாங்க. நீங்க இங்கிலீசுல நாலு வசனம் கதைச்சீங்க என்டா, சமையல் வகுப்ப நீங்களே நடத்தலாம். வாசலில பலகை அடிச்சு உங்கட பேரையே எழுதுறன்.”

“என்ட பேரா?” என்றாள் மலர்.

அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் கண்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். கிரானில் இருந்த அவள் குடும்பம், சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிய நாட்களில் அது. “ஓடேக்க புத்தகப் பை எங்கயோ விழுந்திட்டு. மறுகா ஒருத்தரும் புதுசு வாங்கித் தரல்ல” என்பாள். அதற்கு மேல் அந்தக் கதையை நீட்டமாட்டாள்.

நகரத்தில் ஒரு மண்டபத்தில், கிழமைக்கு ஒரு பின்னேரம், பெரியவர்களுக்கான இங்கிலீசு வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தோம். போக ஆசைப்பட்டவள் அவள். துணைக்குப் போனவன் நான்.

பேர் மாற்றிச் சொல்லுதல்

மலர் என் பெயரைச் சொல்லமாட்டாள். எங்கள் வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான். புருசனின் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்தது. நான் ஒரு நாளைக்கு இருபது தரம் ‘மலர், மலர்’ என்று கூப்பிடுகிறேன். அவளுடைய ஆயுளைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

என் பெயரோ ஒரு புண்ணியத் தலத்தின் பெயர். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் எங்கள் றோட்டால்தான் நடப்பார்கள். தண்ணீர் கொடுக்க மலர் வாளியோடு நிற்பாள். யாராவது கேட்டால், “தெக்க போறவங்களுக்கு” என்று மட்டும் சொல்லுவாள். முருகனே தன் ஊரின் பெயரை அவளிடம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

கந்தோர்களில் பாடு பெரும்பாடு. கிளாக்கர் “கணவரின் பெயர்?” என்று கேட்பார். இவள் என் அடையாள அட்டையை நீட்டுவாள். அதனால் மலரும் பக்கத்து வளவுப் பாக்கியமும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். எந்தக் கந்தோருக்கும் சேர்ந்துதான் போவது. மலரின் முறை வந்தால் பாக்கியம் முன்னால் தலையை நீட்டி, “கதிர்காமத்தம்பி” என்பாள். பாக்கியத்தின் முறை வந்தால் மலர், “செல்லத்துரை” என்பாள். ஒரு கிளாக்கர் குழம்பிப்போய், “அம்மா, இதுல ஆருக்கு ஆர்?” என்று கேட்டாராம்.

நிரப்பாத வரி

வகுப்பில் பதினைந்து பேர் இருப்போம். கட்டாருக்கு வேலைக்குப் போகக் காத்திருந்தவர்கள், ஒரு தாதி, காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிட்ட ஒரு முஸ்லிம் அண்ணர். படிப்பித்தது தர்சினி மிஸ், எங்கள் வதனியின் வயது.

நான் கண்டக்டர் வாயால் சமாளித்தேன். பிழையோ சரியோ சத்தமாகச் சொல்லுவேன். மலர் அப்படியில்லை. மிஸ் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு மெல்லச் சொல்லுவாள். சொன்னால் மிஸ்ஸின் வாயிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். “தங்கச்சிக்குக் காது நல்லாயிரிக்கி. நமக்கெல்லாம் வாய்தான் இரிக்கி” என்பார் நானா.

கொப்பியிலும் அப்படித்தான். நான் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, ஒரு மாதத்துக்குள் முழுக் கொப்பியையும் நிரப்பிவிட்டேன். அவள் அரிசி பரப்பினாற்போல் பொடி எழுத்தில் எழுதினாள். நாலு தாள்கூடத் தாண்டவில்லை.

ஒருநாள் தன்னை அறிமுகப்படுத்தும் பாடம். ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். மலர் எழுந்தாள். மை நேம் இஸ் மலர். ஐ லிவ் இன் பட்டிக்கலோ. ஐ ஹாவ் வன் டோட்டர். எல்லாம் சரியாக வந்தது. பிறகு, மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்…

நின்றுவிட்டாள்.

மேலே காற்றாடி மட்டும் சுற்றியது. “பரவாயில்ல அம்மா, வசனம் மறந்தா அடுத்த கிழமை சொல்லுங்க” என்றார் மிஸ் அன்பாக. கட்டார்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அவளுக்கு வசனம் மறக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பெயருக்காக அவள் திணறியது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, “எல்லாரும் நான் பாடம் தெரியாம நின்டது என்டு நினைச்சிருப்பாங்க, என்ன?” என்று மட்டும் கேட்டாள். நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். “விடு புள்ள” என்றேன்.

நான் விட்ட பகிடி

அடுத்த கிழமை மலர் நீலச் சேலை உடுத்து வந்தாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். மிஸ் கேட்கவில்லை. அவளாகவே கையை உயர்த்தினாள்.

“மிஸ், நான் போன கிழமை விட்டதச் சொல்லட்டா?”

எழுந்து நின்றாள். பெயர், ஊர், மகள் எல்லாம் சொன்னாள். வாங்குப் பலகையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மிஸ்ஸுக்குப் பின்னால் இருந்த கரும்பலகையைப் பார்த்தாள்.

“மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கதிர்காமத்தம்பி.”

முப்பத்து மூன்று வருசத்தில் முதல் தரம். என்னை எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், பஸ்ஸில், கந்தோரில், சண்டையில். அந்தக் குரலில் என் பெயர் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காது சுட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கண்டக்டர்மார் செய்கிற ஒன்றைத்தான் செய்தேன். வாயைத் திறந்தேன்.

“பாத்தீங்களா மிஸ்? வீட்ட மகளுக்குக் குடுத்தாச்சு. வேலையும் போச்சு. மிச்சமிருந்தது மனிசி தாற மரியாதைதான். அதையும் இங்கிலீசு கொண்டு போயிட்டு!”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டார். மலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாங்கில் அமர்ந்தாள். அந்தப் பின்னேரம் பிறகு அவள் கண்ணை மூடிக் கேட்கவில்லை. திறந்தபடியே, ஒன்றையும் பார்க்காமல் இருந்தாள்.

பல நாளைக்குப் பிறகு நானா என்னைத் தன் கடை வாசலில் கண்டு நிறுத்தினார். “தம்பியண்ணே, அண்டைக்கு நானும் சிரிச்சன்தான். சிரிச்சிரிக்கப்படா” என்றார். தங்கச்சி ஏன் வருவதில்லை என்று அவர் கேட்கவேயில்லை.

பாக்கியம் சொன்னது

இதையெல்லாம்விடப் பெரிய அடி பாக்கியத்திடமிருந்து விழுந்தது. வேலியடியில் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தவள், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“அந்த இங்கிலீசு வகுப்பில மலரக்கா உங்கட பேரச் சொன்னாவா, இல்லையா?”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நல்ல கேள்வி. அந்தக் கிழமை முழுக்க எங்கட கிணத்தடியிலதானே நின்டா. ஆரும் கேக்கப்படா என்டு கிணத்துக்குள்ள குனிஞ்சு உங்கட பேரச் சொல்லிப் பாத்தா. கிணறு திருப்பிச் சொல்லும். இவ பயந்து நிமிருவா. எனக்குச் சிரிப்பாணி. ‘சிரியாத பாக்கியம், அவருக்கு ஏதும் வந்திரப்படா’ என்டா. நான் சொன்னன், ‘என்னத்துக்குக்கா இந்தப் பாடு, நான் வந்து சொல்லித் தாறன்’ என்டு. ‘வெள்ளைக்காரருக்கு முன்னால நீ வந்து நிக்க ஏலுமா? எனக்குப் பலகை எழுதப் போறாங்க. நானே சொல்லணும்’ என்டா.”

முருங்கைக்காயை என் கையில் தந்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் என் ஆயுளுக்காக. அந்தப் பயத்தையும் மீறி ஒரு கிழமையாக அவள் கிணற்றுக்குள் குனிந்து பழகியிருக்கிறாள். அதை நான் ஒரு நிமிசத்தில் பகிடியாக்கிவிட்டேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது, எனக்கு வந்தது இங்கிலீசுதான். “ஐ ஆம் சொறி, மலர்” என்றேன்.

அவள் எனக்குச் சோறு போட்டாள். “அது வெள்ளைக்காரருக்குச் சொல்றது” என்றாள்.

தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் நான் அப்படி ஒன்றைச் சொல்லிப் பழகியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கதவுக்கு உள்ளே

வகுப்பை நான் விடவில்லை. விட்டிருந்தால் ஒருவேளை சமாதானமாக இருந்திருக்கும். ஆனால் “ரெண்டு பேரும் விட்டா முதலாளி நம்மள ரெண்டு பேரையும் விட்டிருவார், போங்க” என்று என்னை அனுப்பியவளும் அவள்தான். இன்றைக்கு விடுதியில் வருகிறவர்களோடு கதைப்பவன் நான். வளவு காவலுக்கு வந்தவன் முன்கதிரையில் இருக்கிறேன். நண்டுக் கறிக்குச் சொந்தக்காரி பின்குசினியில் நிற்கிறாள்.

சமையல் வகுப்புக்கு முதலாளி வேறொரு பிள்ளையைப் பிடித்தார். நகரத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை. இங்கிலீசு தண்ணீர் போல ஓடும். மலர் இடித்து வைத்த தூளை, மலர் பிழிந்து வைத்த பாலில் போட்டுக் கிண்டி, வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்துவாள். வாசலில் பலகை அடித்தாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். “வடிவா எழுதியிரிக்காங்க” என்றாள் மலர், தேங்காய் துருவிக்கொண்டே. உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால், அந்தப் பிள்ளை லீவில் நின்ற ஒருநாள், ஒரு ஜெர்மன் அம்மா பிட்டு எப்படி அவிப்பது என்று கேட்டார். கை காட்டினேன், வாயால் ஊதிக் காட்டினேன், அந்தச் சொல் மட்டும் வரவில்லை. குசினிக் கதவுக்கு உள்ளேயிருந்து, மெல்லிய குரலில், “ஸ்டீம்” என்று வந்தது. “யெஸ், ஸ்டீம்!” என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி. “யுவர் இங்கிலிஷ் இஸ் வெரி குட்” என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. நான் நன்றி சொன்னேன். உள்ளே இருப்பவளைக் காட்டவில்லை. அன்றைக்குக்கூடக் காட்டவில்லை.

பிறகு போய்க் கேட்டேன். “இவ்வளவும் ஞாபகமிருக்கே மலர், மறுகா தொடங்குவமா?”

“நீங்க கதைக்கிறது காணும்.”

புதுக் கொப்பி ஒன்று வாங்கி அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அது பேத்தியின் கையில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மயில் கீறியிருந்தாள்.

வீடு போனதும் வேலை போனதும் எனக்குப் பழகிவிட்டன. கால்கூட இப்போது வழி தெரிந்து தானாகவே பின்வாசலுக்குப் போகிறது. இது மட்டும் பழகவில்லை. ஐந்து சொல் எழுதும் ஒவ்வொரு காலையும், இதில் மூன்று அவளுடையது என்று தோன்றும். என் பெயரை அவள் பிறகு சொல்லவேயில்லை. கந்தோருக்கு மறுபடியும் பாக்கியத்தோடுதான் போகிறாள்.

இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் முதலில் வாசிப்பவள் அவள். இதையும் வாசிப்பாள். வாசித்துவிட்டு மடித்து வைப்பாள்.

அந்தத் தரிப்பில்

அன்றைக்கு அவள் சொன்னதை நான் பாதியிலிருந்துதான் எழுதினேன். முன்பாதி இது.

“நீங்க சிரிச்சிருந்தா எனக்கு ஒண்டுமில்ல. மத்தவங்கள சிரிக்க வச்சீங்க. மறுகா நான் எதச் சொல்ல எழும்பினாலும் அந்தச் சிரிப்புத்தான் கேக்கும். அதனால இனி நீங்க மட்டும் போங்க, வதனிட அப்பா. எனக்குக் காணும்.”

“பகிடிக்குத்தானே புள்ள” என்றேன்.

என் மடியிலிருந்த கொப்பியை எடுத்து விரித்துப் பார்த்தாள். தாள் முடிந்துபோய், அன்றைய பாடத்தை மட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைத் திருப்பி என் மடியில் வைத்தாள். பிறகு தன்னுடைய கொப்பியைத் திறந்து, தான் எழுதிய நாலு தாளையும், ஓரம் பிசகாமல், ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். முன்தாள்கள் போனதும் பின்பக்கத்து வெறுந்தாள்கள் நாலு கழன்று விழப் பார்த்தன. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, அந்தத் தாள்களை மட்டையோடு சேர்த்துக் குத்தி, இழுத்துப் பார்த்து, கொப்பியை என் கையில் தந்தாள்.